பாதயாத்திரைக்குப் போறவங்க பையில் என்ன இருக்கணும்?

(எங்கள் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் மார்கழி மாதக் கூட்டத்தில், பழனிக்கு நடந்து போகும் உறுப்பினர்களுக்காகக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேசிய பேச்சை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. சேமிப்பு, உள்கடன் பற்றிப் பேசச் சொன்னா நோட்டைப் பார்த்து வாசிச்சிருப்பேன். தைப்பூசம் வரப் போகுது, நம்ம நத்தம் பக்கத்திலிருந்து நிறைய பேர் மாலை போட்டு இருக்காங்க, நீ பல வருசமா நடக்கிறவ, வழிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததைச் சொல்லலை.

இங்கிருந்து திண்டுக்கல் போய், ஒட்டன்சத்திரம் வழியா பழனி சேர நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாங்க நாலு நாளில் நடப்போம். விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன்னே ஒரு இடத்தில் உட்கார்ந்து, சாயந்திரம் மறுபடி நடக்கிறது.

நான் முதல் தடவை போனது 2016-ல். எங்க கூட்டத்தில் 22 பேர். அதில் பெண்கள் 9 பேர். வண்டி கிடையாது. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒண்ணை எல்லார் பையிலேயும் பிரிச்சுக் கட்டினோம். அதோட பருப்பு, எண்ணெய், வெங்காயம், தக்காளி. அது போக ரெண்டு பெரிய குண்டான், கரண்டி, வடிதட்டு. குண்டானை யார் தூக்கினாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம தலைதான் சும்மாடு வெச்சுப் பழகின தலையாச்சே!

நடந்து வந்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தா, ஆம்பளைங்க துண்டை விரிச்சுக் காலை நீட்டிப் படுத்துருவாங்க. நாம சுள்ளி பொறுக்கணும், மூணு கல்லைக் கூட்டணும், தண்ணி தேடிப் போகணும், 22 பேருக்கு வடிச்சு இறக்கணும். சாப்பிட்டு முடிச்சா குண்டானைத் துலக்கணும். துலக்கி முடிக்கிறப்போ, “நேரமாச்சு, கிளம்பலாம்”னு குரல் கொடுப்பாங்க. நாலு நாளும் நடந்தது எல்லாரும். உட்காராமல் நடந்தது நாம 9 பேர் மட்டும். வேண்டுதல் நமக்கும்தான் இருக்கு, கால் வலியும் நமக்கும்தான் இருக்கு.

ரெண்டாம் நாள் நான் ஒரு தப்பு பண்ணினேன். மத்தியானம் அடுப்பு மூட்ட அலுத்துப் போய், ராத்திரி 2 மணிக்கே எழுந்து தக்காளி சாதம் கிண்டி, ஆவி பறக்கப் பறக்க பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிஞ்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டேன். பகல் 1 மணிக்குப் பிரிச்சோம். லேசா ஒரு நெடி. வெங்காய வாசம்னு நினைச்சேன். பசி வேற. சாயந்திரத்துக்குள்ளே நாலு பேருக்கு வாந்தி. எங்க குழு அக்கா ஒருத்தங்க மயங்கியே விழுந்துட்டாங்க. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினாங்க. அவங்க பழனி மலையைப் பார்க்காமலே ஊர் திரும்பினாங்க. அந்த வாரம் முழுக்க வேலைக்கும் போக முடியலை. அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு மறக்க முடியலை.

பிறகு கிராம செவிலியர் அம்மாகிட்ட கேட்டேன். அவங்க விளக்கினது இது. அரிசியில் ஒரு வகைக் கிருமி இருக்கு. அது விதை மாதிரி ஒடுங்கிக் கிடக்கும், கொதிக்க வெச்சாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பா மூடிக் கிடந்தா முளைச்சுப் பெருகிடும். அது விடுகிற நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. நான் கவரில் கட்டின சோறு மதியம் வரைக்கும் அடைகாத்த முட்டை மாதிரி வெதுவெதுன்னு இருந்திருக்கு. “அப்போ பழைய சோறு மட்டும் எப்படி ஒத்துக்குது?”ன்னு நானும் கேட்டேன். அதை நாம ஆறவிட்டு, தண்ணி ஊத்தி, புளிக்க விடுறோம். அந்தப் புளிப்பு கெட்ட கிருமியை அண்ட விடாது. ஆறாத சோற்றைக் கவரில் அடைக்கிறது வேற, பானையில் நீர் ஊத்தி வைக்கிறது வேற.

அடுத்த வருசம் தை மாசத்துக்கு முன்னே எங்க குழுவில் உட்கார்ந்து பேசினோம். தீர்மான நோட்டிலேயே எழுதினோம். ‘வழியில் அடுப்பு மூட்டுவதில்லை. அவரவர் சாப்பாடு அவரவர் பையில்’. ஆம்பளைங்களுக்கும் அதேதான். எங்க வீட்டுக்காரர், “அவலைத் தின்னுட்டு மனுசன் நடக்க முடியுமா?”ன்னு கேட்டார். குசேலர் கொண்டுபோனதே அவல்தானேன்னு சொன்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டார்.

இப்போ கணக்குக்கு வரேன். ஒரு கிலோ அரிசி வடிச்சா ஏறக்குறைய மூணு கிலோ சோறாகும். கூடின ரெண்டு கிலோ என்ன? தண்ணிதான். இட்லியிலும் பாதிக்கு மேலே தண்ணி. அப்போ சோறு கட்டிக்கிட்டு நடக்கிறவ தண்ணியைத்தான் முதுகில் சுமக்கிறா. கெடுகிறதும் அந்தத் தண்ணியாலதான். பழனிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்குங்க. வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், ஏலக்காய் எல்லாம் சேரும். ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்க மாட்டாங்க. அதனாலதான் ஊருக்குக் கொண்டுவந்து பத்து வீட்டுக்குக் கொடுக்கிற வரைக்கும் கெடாமல் இருக்கு. நாமளும் காய்ஞ்சதைக் கொண்டு போவோம், தண்ணியைப் போற இடத்தில் சேர்த்துக்குவோம். அவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் நாளைக்கு மட்டும் ஈரச் சாப்பாடு கொண்டு போகலாம். பொடி இட்லி. இட்லியை நல்லா ஆறவிட்டு, ரெண்டு பக்கமும் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி, அனலில் வாட்டின வாழை இலையில் கட்டுங்க. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சுச் சாப்பிடலாம். புளியோதரை கட்டுறவங்க, சோற்றை முறத்திலோ தாம்பாளத்திலோ பரப்பி, கை வெச்சா சூடு தெரியாத வரை ஆறவிட்டுக் கிளறுங்க. வெங்காயம், தேங்காய் வேண்டாம். சட்னி வேண்டவே வேண்டாம். மிஞ்சினதை மறுநாளைக்கு வைக்காதீங்க. மனசு கேட்காதுதான். ஆனா வழியில் ஒரு நாய்க்குப் போடுங்க.

மற்ற நாளுக்கு அவல்தான் என் கணக்கில் ராஜா. அது ஏற்கெனவே வெந்தது. நெல்லை ஊறவெச்சு, வறுத்து, இடிச்சதுதானே அவல்? அதனால அடுப்பே வேண்டாம். கெட்டி அவல் அரைக் கிலோ வாங்கி, வெறும் சட்டியில் மொறுமொறுன்னு வறுத்து, மிக்சியில் ஒரு சுத்து விட்டு ரவை மாதிரி உடைங்க. மாவாக்கிடாதீங்க, களி ஆகிடும். ஒரு எலுமிச்சம்பழ அளவு புளியைக் கொட்டை, நார் எடுத்து, பிச்சுப் போட்டு ரெண்டு நாள் வெயிலில் காயவெச்சு, கல் உப்போட சேர்த்துச் சட்டியில் ஈரம் போக வறுங்க. அதோட காய்ந்த மிளகாய், மல்லி, கொஞ்சம் வெந்தயம், பெருங்காயம் வறுத்துச் சேர்த்துப் பொடி பண்ணுங்க. கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, கருவேப்பிலை நல்லெண்ணெயில் தாளிச்சு, கருவேப்பிலை நொறுங்குகிற பதத்துக்கு வந்ததும் அடுப்பை அணைச்சு, அவலையும் பொடியையும் கொட்டிப் பிரட்டி ஆறவைங்க. வழியில் ஒரு டம்ளர் அவலுக்கு முக்கால் டம்ளர் தண்ணி தெளிச்சுக் கிளறி மூடி, கால் மணி நேரம் காலை நீட்டி உட்காருங்க. புளியோதரை தயார். அந்தக் கால் மணி நேரம் நமக்கு மிச்சம்!

தண்ணி மட்டும் நல்ல தண்ணியா இருக்கணும். வேக வைக்கப் போறதில்லை பாருங்க. குடிக்கிற தண்ணி எதுவோ அதையே தெளிங்க. வாய்க்கால் தண்ணி ஆகாது.

அடுத்தது சத்துமாவு. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரிதான். நம்ம வீட்டில் பண்ணினா புழுங்கலரிசி, கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை. கம்பு, கேழ்வரகைக் கழுவிக் காயவெச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா வறுக்கணும். அரிசி பொரியணும், பயறு உள்ளுக்குள்ளே சிவக்கணும். சிலர் கஞ்சி மாவு இருக்கேன்னு பச்சையா அரைச்சதைக் கொண்டு வந்து பச்சைத் தண்ணியில் கரைச்சுக் குடிச்சாங்க. ராத்திரி முழுக்க வயித்து வலி. கஞ்சி காய்ச்சுகிற மாவு வேற, பிசைஞ்சு தின்கிற மாவு வேற. நிலக்கடலையை மாவோட அரைக்காதீங்க, சிக்குவாடை சீக்கிரம் அடிக்கும். தனியா வறுத்து எடுத்துக்குங்க. சுக்கும் ஏலக்காயும் மாவோட அரைக்கலாம். பொடிச்ச வெல்லத்தைத் தனியா வெச்சுக்கிட்டு, ரெண்டு கை மாவு, ஒரு துண்டு வெல்லம், ரெண்டு மடக்குத் தண்ணி சேர்த்துப் பிசைஞ்சு உருட்டினா விடிகாலைப் பசிக்கு அது போதும்.

பொருவிளங்காய் உருண்டையைச் சொல்லாமல் விட்டா என் மாமியார் கோவிச்சுக்குவாங்க. வெல்லப் பாகு முத்தினா கல்லு மாதிரி ஆகிடும். ஒரு தடவை அதைக் கடிச்சு எங்க சித்திக்கு இருந்த ஒரே கடவாய்ப் பல்லும் ஆடிப் போச்சு. பல் இல்லாதவங்களுக்கு எள்ளுருண்டை கொடுங்க. கடலை மிட்டாயும் நல்லதுதான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவர் சுத்தினதா இல்லாமல், கடையில் டப்பாவைக் கொடுத்து எடை போட்டு வாங்குங்க.

மூணு நாளைக்கு ஒரு ஆளுக்கு நான் எடுத்துக்கிற அளவு இது. அவல் கலவை 300 கிராம், சத்துமாவு 300 கிராம், உருண்டை ஒன்பது, வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் சேர்த்து 200 கிராம், வெல்லம் 150 கிராம், உப்பு நாரத்தங்காய் ஒரு கைப்பிடி. எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள்ளே. திண்டுக்கல் தாண்டினா பூச நாளில் வழி நெடுக அன்னதானம் உண்டு. ஒரு வேளைச் சோறு அங்கே கிடைச்சுடும்னு வெச்சுத்தான் இந்தக் கணக்கு. பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நடக்கிறவங்க, கூட்டம் இல்லாத நாளில் போறவங்க, இதைவிடப் பாதியளவு கூடுதலா எடுத்துக்கணும்.

அப்புறம் கவர் விஷயம். முதல் வருசம் நாங்க ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு பிஸ்கட் பாக்கெட்டாவது பிரிச்சிருப்போம். 22 பேர், 4 நாள். 264 கவர். ஊறுகாய்ப் பாக்கெட், தண்ணிப் பாக்கெட், அந்தத் தக்காளி சாதக் கவர் எல்லாம் தனி. எல்லாம் எங்கே போச்சு? ரோட்டோரம்தான். சோறு ஒட்டின கவரை மாடு விடாது, கவரோட சேர்த்து விழுங்கிடும். நம்மில் எத்தனை பேர் குழுக் கடனில் மாடு வாங்கியிருக்கோம்! அந்த ரோட்டோரத்துக் கிராமத்திலும் ஒரு குழு இருக்கும், அதில் ஒருத்தி கடனில் மாடு வாங்கியிருப்பா. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகிச்சுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு. 2021-ல் மஞ்சப்பைத் திட்டமும் கொண்டுவந்தாங்க. சட்டம் இருக்கட்டும். மாடு சட்டம் படிக்குமா?

ஆனா எல்லாத்தையும் துணியில் கட்டலாம்னு நினைச்சு நானும் ஏமாந்திருக்கேன். அவலும் நிலக்கடலையும் காடாத்துணிப் பையில் நல்லா இருக்கும். மாவு நெருக்கமா நெய்த துணியில் ரெட்டையா தைச்ச பைக்குத்தான் அடங்கும், இல்லேன்னா சேலையெல்லாம் மாவு. உருண்டையைத் துணியில் வெச்சா பனியில் நமத்துப் போகும், எறும்பும் வரும். அதுக்கு மூடி இறுகின டப்பா வேணும். எவர்சில்வர் சம்புடம் இருந்தா நல்லது. இல்லேன்னா வீட்டில் இருக்கிற பழைய பிளாஸ்டிக் டப்பாவே போதும், எடையும் குறைவு. திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருகிற டப்பாவில் தப்பில்லை. தையல் தெரிஞ்ச நம்ம உறுப்பினர்கள் வெட்டுத் துணியில் பை தைச்சுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. அன்னதானத்துக்கும் ஒரு சின்னத் தட்டும் டம்ளரும் கையில் இருக்கட்டும்.

தண்ணி பற்றி ஒண்ணு. இது பெண்கள் மட்டும் இருக்கிற கூட்டம், அதனால வெளிப்படையாப் பேசுறேன். ஒதுங்க இடம் இல்லைன்னு நாம தண்ணி குடிக்கிறதில்லை. காலையில் ஒரு வாய், ராத்திரி ஒரு வாய். காய்ஞ்ச சாப்பாடு சாப்பிடுகிறவங்க அப்படி இருந்தா மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைசுத்தல் எல்லாம் வரும். மூத்திரம் அடர் மஞ்சளா எரிச்சலோட போனா தண்ணி போதலைன்னு அர்த்தம். நாங்க என்ன பண்ணுவோம்னா, இருட்டு விலகுமுன்னே ஒரு தடவை, பெட்ரோல் பங்க் எங்கே வருதோ அங்கே எல்லாருமா சேர்ந்து ஒரு தடவை ஒதுங்குவோம். ஒருத்திக்காக எட்டு பேரும் நிற்போம். வெட்கப்பட்டுத் தண்ணியை நிறுத்தாதீங்க. வாந்தி, பேதின்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் தலை தட்டின டீஸ்பூனில் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கக் கொடுங்க. உப்பு அளவு கூடக் கூடாது. நிற்கலைன்னா ஆஸ்பத்திரிதான்.

சர்க்கரை வியாதிக்காரங்க நம்மிலேயே நிறைய பேர் இருக்கீங்க. வெல்ல உருண்டையைத் தினமும் தின்ன வேண்டாம், சத்துமாவை உப்புப் போட்டு மோரில் கரைங்க. ஆனா மாத்திரை போட்டுட்டு வெறும் வயிறா நடந்தா சர்க்கரை திடீர்னு இறங்கிடும். கை நடுங்கி வேர்த்தா உடனே ஒரு துண்டு வெல்லம் வாயில் போடணும். அதனால முந்தானையில் ரெண்டு துண்டு முடிஞ்சு வெச்சுக்குங்க. மாலை போட்டாச்சுன்னு மாத்திரையை நிறுத்தக் கூடாது. போறதுக்கு முன்னே டாக்டரைக் கேளுங்க. ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்க நாரத்தங்காயை நாக்கில் தொட்டுக்கிறதோட நிறுத்துங்க.

வேளாங்கண்ணிக்கு நடக்கிற அக்காமார்களும் இங்கே இருக்கீங்க. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போகும்போது வெயிலும் மழையும் மாறி மாறி வரும். உங்களுக்கும் இதே பைதான். மழை நனையாத மாதிரி டப்பா மட்டும் ஒண்ணு கூட வேணும்.

இதை விற்கலாமேன்னு பொருளாளர் அக்கா அப்பவே கேட்டாங்க. விற்கிறதுன்னா உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பண்ணணும், தேதி போடணும், கவரில் அடைக்கணும். நான் எந்தக் கவரை வேண்டாம்னு சொல்றேனோ அதிலேயே போய் நிற்கும். அதைத் தனிக் கூட்டத்தில் பேசலாம்.

2017-ல் புளியமரத்தடியில் நாங்க 9 பேரும் காலை நீட்டிப் படுத்திருந்தோம். எங்க வீட்டுக்காரர் டம்ளரை எடுத்துக்கிட்டு வந்து, “இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?”னு கேட்டார். முக்கால்னு கண்ணைத் திறக்காமலே சொன்னேன். போன வருசம் கவரில் கட்டின சோற்றால் மலை ஏறாமல் திரும்பின அக்கா, அந்தத் தடவை எனக்கு முன்னே ஏறினாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்க வீட்டு வாசலில் ரெண்டு அடுப்பு மூட்டி வறுக்கப் போறோம். செலவு ஆளுக்குச் சமமா, குழுச் சேமிப்பைத் தொட வேண்டாம். அவரவர் அவல், கம்பு, பயறு கழுவிக் காயவெச்சுக் கொண்டுவாங்க. பெரிய இரும்புச் சட்டி இருக்கிறவங்க சட்டியும் கொண்டுவாங்க. புளியை இன்னைக்கே வெயிலில் போட்டுடுங்க. பை தைக்க அளவு கொடுக்க வேண்டியவங்க, கூட்டம் முடிஞ்சதும் வாசல் பக்கம் நில்லுங்க.